நின்றுபோன சங்கச் செய்திமடல்: மறுபடி தொடங்குவோருக்கு ஒரு கையேடு

சங்கத்தின் செய்திமடல் ஏன் நின்றது என்று கேட்டால் "எழுத ஆள் இல்லை" என்றுதான் எல்லாச் சங்கத்திலும் பதில் வரும். பெரும்பாலும் கோளாறு வேறிடத்தில் இருக்கும். முகவரிப் பட்டியல் பழையதாகி, அனுப்பிய மடல் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்திருக்கும். அந்தக் கட்டு அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும். தபால் செலவு வீண் என்று பொருளாளர் முனகியிருப்பார். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று மூன்று மாதத்துக்கு ஒன்றாகி, "சிறப்பிதழாகச் சேர்த்துப் போடலாம்" என்ற பேச்சோடு முடிந்திருக்கும்.

மரண நிதி, குடும்ப நல நிதி, மருத்துவ உதவி என்று உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பதற்காக நடக்கும் சங்கங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். ஓய்வு பெற்றோர் சங்கம், வெளியூரில் இருப்பவர்களின் ஊர்ச் சங்கம், ஒரே தொழில் செய்பவர்களின் சங்கம் எதுவாகவும் இருக்கலாம். கணக்குக்கு வசதியாக 400 உறுப்பினர்கள், அவர்களில் 250 பேருக்கு அச்சுப் பிரதி, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் என்று வைத்துக்கொள்வோம்.

எதற்கும் முன்னால் செயற்குழுவில் ஒரு தீர்மானம் போட்டு மினிட் புக்கில் ஏற்றுங்கள். ஆசிரியர் யார், துணை யார், ஓராண்டுக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம், அச்சுக்குப் போகுமுன் யார் பார்த்து ஒப்புதல் தருவது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒப்புதல் தருபவர் ஒருவராகவே இருக்கட்டும். "நிர்வாகிகள் அனைவரும் பார்த்த பின்" என்று எழுதிவிட்டால் ஏழு பேர் கையில் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி) சுற்றி, பொங்கல் இதழ் சித்திரைக்கு வரும்.

பட்டியல்தான் முதல் வேலை

பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு 40 பெயர் கொடுங்கள். நாளைக்கு நான்கு அழைப்பு போதும், பத்து நாளில் முடிந்துவிடும். ஒரே நாளில் நாற்பது பேரிடம் பேச முயல்பவர் இருபதாவது பெயரிலிருந்து "மாற்றம் இல்லை" என்று டிக் அடிக்க ஆரம்பித்துவிடுவார்.

கேட்க வேண்டியவை: முன்னெழுத்தோடு பெயர், பின்கோடோடு முகவரி, வாட்ஸ்அப் உள்ள எண்ணா இல்லையா, அச்சில் வேண்டுமா போனில் போதுமா, பிறந்த தேதி, நிதிக்கு வாரிசாக எழுதிக் கொடுத்த பெயர் இன்னும் சரிதானா. கடைசிக் கேள்விக்காகவே இந்த அழைப்புகள் செலவுக்குத் தகும். வாரிசாகக் குறித்த மனைவி முன்பே காலமாகி, புதுப் பெயர் எழுதப்படாமல் கிடக்கும் படிவங்கள் எந்தச் சங்கத்திலும் இருக்கும். பின்னால் நிதி வழங்கும்போது வழக்கு வரை போவது அந்தப் படிவங்கள்தான்.

பேச்சை எப்படித் தொடங்குவது என்பதையும் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். "சார் இருக்காங்களா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். எதிர்முனையில் எடுப்பவர் போன மாதம்தான் கணவரை இழந்தவராக இருக்கலாம். "சங்கத்திலிருந்து பேசறோங்கம்மா, உறுப்பினர் விவரம் சரிபார்க்கிறோம்" என்று சொல்லிக் காத்திருந்தால் அவர்களே நிலைமையைச் சொல்வார்கள். இறப்பு நமக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அந்த அழைப்பில் முகவரி கேட்பதை விட்டுவிடுங்கள். வருத்தம் தெரிவித்து, நிதிக்கு விண்ணப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லி, செயலாளர் பேசுவார் என்று கூறிப் போனை வையுங்கள். செயலாளரும் அன்றைக்கே பேச வேண்டும்.

பட்டியலை எக்செல் போன்ற ஒரு தாளில் ஏற்றும்போது உறுப்பினர் எண் முதல் பத்தியில் வரட்டும். ஆர். சுப்பிரமணியன் நாலு பேர் இருப்பார்கள், எண்தான் அவர்களைப் பிரிக்கும். சென்னை முகவரிகளில் புதிய எண், பழைய எண் இரண்டையும் எழுதுங்கள். பிள்ளைகளோடு பெங்களூருவிலோ மும்பையிலோ இருப்பவர்களின் முகவரி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழில் ஒட்டினால் அங்கே போய்ச் சேராது. தமிழில் தட்டச்சு செய்பவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனியுங்கள். "கௌசல்யா" என்பதைச் சிலர் கெ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவார்கள். தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கணினி அதை வேறு பெயராக எடுத்துக்கொள்ளும், தேடினால் அகப்படாது, ஒரே ஆளுக்கு இரண்டு மடல் போகும்.

எத்தனை பக்கம், எப்போது

நாலு பக்கத்தோடு தொடங்குங்கள். ஏ3 தாள் ஒன்றை நடுவில் மடித்தால் ஏ4 அளவில் நாலு பக்கம் கிடைக்கும், ஸ்டேப்ளர் பின் அடிக்கக்கூட வேண்டாம். முதல் இதழ் 24 பக்கம், வண்ண அட்டை, எட்டு வாழ்த்துச் செய்தி என்று தொடங்கிய மடல்களில் பல மூன்றாம் இதழைப் பார்ப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பது நல்ல இடைவெளி. மாதம் ஒன்று என்பது ஆசிரியரை ஆறு மாதத்தில் களைக்க வைத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்றாலோ இறப்புச் செய்திகள் ஆறிப்போய்தான் வரும்.

தபாலில் சேர்க்கும் நாளை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 5ஆம் தேதி தபால் என்றால் 3, 4 தேதிகளில் அச்சும் மடிப்பும், 1ஆம் தேதி கடைசி மெய்ப்பு, முந்தைய மாதம் 25 முதல் பக்க வடிவமைப்பு, 20ஆம் தேதி செய்தி வாங்குவது முடிவு, 15ஆம் தேதி கிளைச் செயலாளர்களுக்கு ஒரு நினைவூட்டல். 20க்குப் பிறகு வருவது அடுத்த இதழுக்குப் போகும். தலைவர் கட்டுரைக்கும் அதே விதிதான். இறப்புச் செய்திக்கு மட்டும் கடைசி மெய்ப்பு வரை இடம் விட்டு வையுங்கள்.

மலர் எண்ணை, அதாவது ஆண்டு வரிசை எண்ணை, புதிதாகத் தொடங்காதீர்கள். கடைசியாக வந்தது மலர் 14 என்றால் இது மலர் 15, இதழ் 1. பழைய உறுப்பினர் கையில் எடுத்ததும் பார்ப்பது அந்த வரியைத்தான். "நம்ம மடல் திரும்ப வந்துடுச்சு" என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

எந்தப் பக்கத்தில் என்ன

முதல் பக்கம் தேதி உள்ள செய்திகளுக்கு மட்டும். பொதுக்குழு எப்போது, சந்தா கடைசி நாள் எது, உயிர்வாழ் சான்று தர வேண்டிய மாதம் எது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் இருந்தால் நவம்பர் என்பதை செப்டம்பர் இதழிலேயே போட்டுவிடுங்கள், 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே தரலாம். பொதுக்குழு அறிவிப்பை மடலில் போட்டால் போதுமா, தனிக் கடிதம் வேண்டுமா, எத்தனை நாள் முன்னால் சேர வேண்டும் என்பதற்குச் சங்கத்தின் துணைவிதியைப் புரட்டுங்கள். நாள் கணக்கு தவறினால் தேர்தலையே செல்லாது என்று ஒருவர் கிளப்ப வழியுண்டு. தலைவர் மடல் வேண்டுமென்றால் மூன்றாம் பக்கத்தில் எட்டு வரி.

இரண்டாம் பக்கம் உறுப்பினர் பக்கம். மடல் வந்ததும் முதலில் திருப்பப்படுவது இதுதான். காலமானோர், 80 நிறைவு கண்டோர், புதிதாகச் சேர்ந்தோர், உடல்நலமின்றி வீட்டோடு இருப்போர் (அவர்கள் சம்மதித்தால்). இறப்புச் செய்திக்கு ஒரே அமைப்பு வையுங்கள்: பெயர், உறுப்பினர் எண், கடைசியாகப் பணியாற்றிய இடம், வயது, மறைந்த தேதி. பல மதத்தவர் உள்ள சங்கத்தில் ஒருவருக்குச் சிவலோகப் பிராப்தி, ஒருவருக்கு கர்த்தருக்குள் நித்திரை, ஒருவருக்கு வஃபாத், மதம் சொல்லாதவருக்கு இயற்கை எய்தினார் என்று போட ஆரம்பித்தால் என்றாவது ஒரு நாள் மாற்றிப் போட்டுவிடுவீர்கள். எல்லாருக்கும் "காலமானார்" என்ற ஒரே சொல் போதும்.

ஒவ்வொரு இறப்பையும் இரண்டு இடத்தில் உறுதிசெய்யுங்கள், ஒன்று குடும்பம், மற்றது கிளைச் செயலாளர். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பிப் போடக் கூடாது. உயிரோடு இருப்பவரைக் காலமானார் என்று போட்டால் "ஆயுசு கெட்டி" என்று அவர் சிரித்துவிடலாம். அவர் மகள் சிரிக்க மாட்டார். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் இந்தப் பகுதியில் வேண்டாம். கணவரை இழந்து தனியாக இருக்கும் முதியவரின் எண்ணைத் தேடிப் பிடித்து, ஓய்வூதியம் மாற்றித் தருகிறேன் என்று ஓடிபி கேட்பவர்களுக்கு நாமே பட்டியல் அச்சிட்டுக் கொடுத்ததாகிவிடும்.

மூன்றாம் பக்கத்தில் நிதிக் கணக்கு. முன் இருப்பு, இந்த இரண்டு மாத வரவு, வழங்கியது, இப்போதைய இருப்பு என்று நாலே வரி. ஒவ்வொரு வரியிலும் தொகையோடு எண்ணிக்கையும் வரட்டும்: எத்தனை பேர் சந்தா கட்டினார்கள், எத்தனை குடும்பத்துக்கு வழங்கப்பட்டது. வங்கி இருப்பையும் கையிருப்பையும் தனித்தனியாகக் காட்டி, எந்தத் தேதி நிலவரம் என்று எழுதி, அன்றைய பாஸ்புக் வரியோடு ஒப்பிட்ட பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயரைப் போட்டு மானத்தை வாங்க வேண்டாம். முகவரிச் சீட்டில் பெயருக்குக் கீழே "சந்தா: மார்ச் 2026 வரை" என்று சிறிதாக அச்சிடுங்கள். சொல்ல வேண்டியவருக்கு மட்டும் சொன்னதாகும்.

நாலாம் பக்கத்தின் மேல் பாதியில் கிளைச் செய்திகள். கீழ்ப் பாதி முகவரிக்கு.

கிளைச் செய்தியைச் சுருக்குவது

கிளையிலிருந்து வரும் அறிக்கை எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான்: "கடந்த 12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணியளவில் நமது கிளையின் மாதாந்திரக் கூட்டம் தலைவர் அவர்கள் தலைமையிலும் செயலாளர் அவர்கள் முன்னிலையிலும் இனிதே நடைபெற்றது. பொருளாளர் அவர்கள் அனைவரையும் வரவேற்றுப் பேசினார். மருத்துவ உதவி குறித்து விளக்கம் அளிக்கப்பட்டது. துணைத் தலைவர் அவர்கள் நன்றி கூற, தேநீர் விருந்துடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது."

இதில் செய்தி ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். செயலாளரைக் கூப்பிட்டு "மருத்துவ உதவி பற்றி என்ன சொன்னீங்க?" என்று கேளுங்கள். கிடைப்பது இப்படி ஆகும்: "மருத்துவ உதவி கேட்போர் இனி அசல் ரசீதுடன் டிஸ்சார்ஜ் சம்மரி நகலும் தர வேண்டும். படிவம் கிளை அலுவலகத்தில், செவ்வாய், வெள்ளி காலை 10 முதல் 1 வரை." முதல் சில இதழ்களுக்கு யாராவது கோபித்துக்கொள்வார்கள். கிளை நிர்வாகிகள் பெயரை ஆண்டுக்கு ஒரு முறை முழுப் பட்டியலாகப் போட்டு ஈடுகட்டலாம். "இனிதே" என்ற சொல்லை மடலில் தடை செய்துவிட்டால் பாதிச் சுருக்கம் தானாக நடக்கும்.

குரல் பதிவாகச் செய்தி அனுப்புபவர்களைத் தடுக்காதீர்கள், அவர்களிடம்தான் நல்ல விவரம் இருக்கும். போனில் பேச்சைத் தட்டச்சாக்கி எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் தேதியையும் மட்டும் திரும்பக் கூப்பிட்டுச் சரிபாருங்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். அச்சில் 3 அங்குல அகலம் வேண்டுமென்றால் படம் குறைந்தது 900 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். பேனருக்கு முன்னால் இருபது பேர் நிற்கும் படம் அந்த அளவில் முகமே தெரியாத புள்ளிகளாகத்தான் வரும். 80 நிறைவு கண்ட தம்பதியின் படம் ஒன்று போதும்.

எழுத்துரு என்னும் தலைவலி

மடல் தாமதமாவது பெரும்பாலும் இங்கேதான். செய்திகள் எல்லாம் போனிலிருந்து, இன்றைய பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் வருகின்றன. அச்சகத்திலோ பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் பழைய எழுத்துருக்களும் இருக்கலாம். பழைய முறையில் "கோ" என்பதற்குக் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னால். மாற்றும் மென்பொருள் இதில் தடுமாறினால் கோயம்புத்தூர் என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உட்கார்ந்திருப்பதால் மின்னஞ்சல் முகவரி போன்றவை அர்த்தமில்லாத தமிழாக மாறிவிடும்.

ஆகவே பக்கத்தை நீங்களே யூனிகோடில் செய்து, எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஆக அச்சகத்துக்குக் கொடுங்கள். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர் இதற்குப் போதும். நோட்டோ செரிஃப் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் பத்தி அமைப்பில் "வேர்ல்டு ரெடி" கம்போஸரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதிலும் கொம்பு கலையும். உடல் எழுத்து 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம். வாசகர்களில் பலர் கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள். இடம் பற்றவில்லை என்றால் செய்தியைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.

மெய்ப்பைத் தாளில் எடுத்துப் படியுங்கள். முதல் தடவை பெயர்கள் மட்டும், அடுத்த தடவை எண்கள் மட்டும் (தேதி, கிழமை, தொகை, தொலைபேசி), மூன்றாவது முழுதாக. தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துகிறதா என்று காலண்டரை வைத்துப் பார்க்காமல் கூட்ட அறிவிப்பை விடவே கூடாது.

அச்சும் தபாலும்

அச்சகத்தில் "மடல் அடிக்க எவ்வளவு?" என்று கேட்டால் சரியான விலை வராது. இப்படி எழுதிக் கொடுங்கள்: ஏ3, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ தாள், இரு பக்கமும் ஒரே நிறம், ஒரு மடிப்பு, 270 பிரதி. கூடுதல் 20 திரும்பி வருவதற்கும் கோப்புக்கும். இந்த எண்ணிக்கையில் ஆஃப்செட் பிளேட் செலவு பிரதிக்கு அதிகமாக விழும். டிஜிட்டல் நகலோ, ஸ்டென்சில் முறையில் நகலெடுக்கும் ரிசோ இயந்திரமோ மலிவாக அமையலாம், இரண்டுக்கும் விலை கேளுங்கள்.

எடைக் கணக்கைச் செய்யாமல் பக்கத்தைக் கூட்டாதீர்கள். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம், ஏ3 என்றால் 10. நாலு பக்க மடல் 10 கிராம்தான். எட்டுப் பக்கமானால் 20 கிராம், அதோடு முகவரிச் சீட்டும் பின்னும் சேர்ந்தால் கடிதக் கட்டணத்தின் முதல் 20 கிராம் படியைத் தாண்டிவிடும். எட்டுப் பக்கம் வேண்டியே ஆக வேண்டுமென்றால் 70 ஜிஎஸ்எம் தாளுக்கு மாறுங்கள், பதினேழரை கிராமில் நிற்கும். உறை போட்டால் அந்த மிச்சமும் போய்விடும் என்பதால் மடித்து, திறந்த பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, வெளியே முகவரி ஒட்டுங்கள். 20 கிராமுக்கு 5 ரூபாய் என்ற கணக்கில் 250 பிரதிக்கு ஒரு இதழுக்கு 1,250 ரூபாய், ஆண்டுக்கு ஆறு இதழுக்கு 7,500. புதிய அஞ்சலகச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த பின் விதிகளிலும் சேவைகளிலும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. அதனால் மாதிரிப் பிரதி ஒன்றை மடித்து ஒட்டி எடுத்துப்போய் தலைமை அஞ்சலகக் கவுண்டரில் எடை போட்டுக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். தபால்தலை குறைந்தால் தபால்காரர் உறுப்பினரிடம் காசு கேட்டு நிற்பார்.

முகவரிச் சீட்டுக்கு 24 சீட்டுகள் கொண்ட ஏ4 ஒட்டுத்தாள் கிடைக்கும். 250க்கு 11 தாள். பின்கோடு வரிசையில் அடித்தால் கட்டுப் பிரிப்பது சுலபம்.

தலைப்புக்குக் கீழே "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று போடுங்கள், ஆனால் அந்த இரண்டு சொல் எல்லாவற்றையும் காப்பாற்றாது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், பொதுச் செய்தியோ அதன் மீதான கருத்தோ தாங்கிக் குறித்த இடைவெளியில் அச்சாகும் வெளியீட்டைப் பருவ இதழ் என்கிறது. சங்கச் செய்தியோடு நின்றால் பிரச்சினை இல்லை. நாட்டு நடப்பு அலசல், அரசியல் தலையங்கம், விலைக்கு விற்பது என்று போக விரும்பினால் முதலில் பதிவு பற்றி விசாரித்துவிடுங்கள். ஆசிரியர் பெயர், சங்கப் பதிவு எண், அச்சக விவரம், மாதம், ஆண்டு ஆகியவை கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

விளம்பரம் வாங்கலாம். உறுப்பினர் மகனின் மருந்துக்கடை, கண் பரிசோதனை மையம் போன்றவை நல்லவை. அதிக வட்டி தரும் நிதி நிறுவனம், தவணையில் மனை விற்பவர் இரண்டுக்கும் கதவைச் சாத்துங்கள். வைப்பாளர்களைக் காக்க 1997இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்த மாநிலம் நம் தமிழ்நாடு. சங்க மடலில் வந்தால் சங்கமே உத்தரவாதம் கொடுத்ததாக நினைத்து உறுப்பினர்கள் ஓய்வூதியப் பணத்தை எடுத்துப் போடுவார்கள்.

போனுக்குத் தனி வடிவம்

இரண்டு பத்தி கொண்ட ஏ4 பிடிஎஃப் போனில் படிக்க முடியாது, ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கி இழுக்க வேண்டும். அதே செய்தியை ஏ5 அளவில், ஒரே பத்தியாக, 16 புள்ளி எழுத்தில் தனியாக எடுங்கள். கோப்பின் பெயரில் சங்கப் பெயரும் மாதமும் இருந்தால் பிறகு தேட எளிது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரைதான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். "எல்லாருக்கும் அனுப்பிட்டேன்" என்று நினைத்துக்கொண்டிருப்போம், பாதிப் பேருக்குப் போயிருக்காது. அட்மின் மட்டும் பதிவிடும் குழுதான் நம்பகமானது. குழுவில் உறுப்பினர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியும் என்பதால் சேர்க்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பார்வை குறைந்தவர்களுக்காக முதல் இரண்டு பக்கத்தையும் ஒருவர் படித்துக் குரல் பதிவாகப் போடலாம். ஐந்து நிமிடத்துக்குள் முடியட்டும்.

திரும்பி வந்த பிரதிகள்

தபாலில் சேர்த்த இரண்டு வாரத்தில் திரும்பியவை வரத் தொடங்கும். அவற்றைக் கட்டி வைக்காமல் ஒவ்வொன்றின் மீதும் வந்த தேதியை எழுதி, தபால்காரர் குறித்த காரணத்தைப் பட்டியலில் அந்த உறுப்பினர் எண்ணுக்கு நேரே ஏற்றி, அந்த வாரத்துக்குள் போன் செய்யுங்கள். போன் எடுக்கவில்லை என்றால் அதே ஊரில் இருக்கும் இன்னொரு உறுப்பினரைப் போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். முகவரி கிடைத்ததும் அதே பிரதியின் மேல் புதுச் சீட்டை ஒட்டி மறுபடி அனுப்பலாம், கசங்கியிருந்தால் கூடுதல் 20இல் ஒன்றை அனுப்புங்கள். மூன்று இதழ் தொடர்ந்து திரும்பினால் அச்சுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். சந்தா கட்டியவரின் குடும்பம் பிறகொரு நாள் நிதி கேட்டு வரும்போது அந்த எண் அங்கே இருக்க வேண்டும்.